வாசிக்கும்போது திணறும் பிள்ளை: திக்கலா, வாசிப்புக் குறையா என்று பிரித்தறிந்து உதவி தேடும் வழி

"வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் திணறுகிறான்" என்ற ஒரே குறையைச் சொல்லிக்கொண்டுதான் பெரும்பாலான பெற்றோர் என்னிடம் வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் பேச்சு சிகிச்சையாளராகப் பணி செய்யும் எனக்கு, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் ஆகிய இடங்களிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களிடம் முதலில் சொல்ல வேண்டியிருப்பது ஒன்றே: திணறல் என்று நீங்கள் கேட்கும் அந்த ஒரே ஓசைக்குப் பின்னால் முற்றிலும் வேறான இரண்டு குறைகளில் ஒன்று இருக்கலாம், சில பிள்ளைகளுக்கு இரண்டுமே இருக்கலாம். திக்கல் என்பது, சொல்ல வேண்டிய சொல் இன்னதென்று நன்றாகத் தெரிந்திருந்தும் அதைச் சொல்ல வாய் ஒத்துழைக்காத நிலை. வாசிப்புக் குறை என்பது, கண்ணில் படும் எழுத்தை ஒலியாக மாற்றிக் கூட்டிச் சொல்லாக்கும் வேலையிலேயே தடை விழும் நிலை. ஒன்றுக்குச் செய்யும் பயிற்சி மற்றொன்றுக்கு உதவாது; தவறான இடத்தில் செய்தால் பிள்ளையின் ஆண்டுகள்தாம் வீணாகும்.

எட்டு வயதுப் பையன் ஒருவனை அவனுடைய ஆயா, அதாவது பாட்டி, அழைத்து வந்திருந்தார். வகுப்புக்கேற்ற வாசிப்புத் திறன் இல்லை என்று பள்ளி எழுதிக் கொடுத்த கடிதம் அவர் கையில் இருந்தது. படக்கதை ஒன்றை அவனிடம் கொடுத்தேன். முதல் சொல்லிலேயே உதடுகள் ஒட்டிக்கொண்டன. ஓசை எதுவும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. ஷூவுக்குள் கால்விரல்களை அவன் மடக்கிய விதத்தில் ஷூவின் முன்பக்கத் தோல் மேலெழுந்து அடங்கியது. புத்தகத்தைக் கண்ணால் மட்டும் வாசித்துவிட்டுக் கதையைச் சொல் என்றேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் திக்கினான். ஆனால் கதையில் ஒரு நிகழ்ச்சிகூட விட்டுப்போகவில்லை. பிறகு நானும் அவனும் ஒரே நேரத்தில், ஒரே குரலாக, அதே பக்கத்தை வாய்விட்டு வாசித்தோம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவன் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. "இவனுக்கு வாசிக்கத் தெரியுதே!" என்று ஆயா கண் கலங்கினார். அந்தப் பையனுக்கு ஓராண்டுக் காலமாக எழுத்து அட்டைகளை வைத்து வாசிப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதற்கு நேர்மாறாகவும் நடக்கும். திக்குவாய் என்று குறித்து அனுப்பப்பட்ட பத்து வயதுப் பெண் ஒருத்தி, ஆடி மாதத்தில் கோயிலில் கூழ் காய்ச்சிய கதையைப் பத்து நிமிடம் தங்குதடையின்றி எனக்குச் சொன்னாள். புத்தகத்தைத் திறந்ததும் ஒவ்வொரு சொல்லின் முதல் ஒலியையும் மூன்று முறை, நான்கு முறை சொல்லிச் சொல்லி அடுத்த எழுத்தைத் தேடினாள். அவள் திக்கவில்லை, எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் செய்யக்கூடிய முதற்சோதனை

சிகிச்சையாளரைப் பார்க்கப் போகுமுன் உங்கள் கைப்பேசியில் சில பதிவுகளைச் செய்துகொள்ளுங்கள். பிள்ளை தனக்குப் பிடித்த எதையேனும் இயல்பாகப் பேசுவதை ஐந்து நிமிடம் பதியுங்கள். அடுத்து, புதிய பக்கமொன்றைத் தனியாக வாய்விட்டு வாசிப்பதையும், அதே அளவு கடினமான வேறொரு பக்கத்தை உங்களோடு சேர்ந்து வாசிப்பதையும் பதியுங்கள். கடைசியாக, ஒரு பக்கத்தை மௌனமாக வாசிக்கச் சொல்லி, அதில் உள்ளதைக் கேளுங்கள். வாயால் சொல்ல வருத்தப்பட்டால் படமாக வரைந்தோ, சரியான விடையைத் தொட்டுக் காட்டியோ விடையளிக்கலாம்.

திக்கும் பிள்ளைகள் பெரும்பாலோர் பிறரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் பாடும்போதும் திக்குவதில்லை. கோயிலில் பதிகத்தைக் கூட்டத்தோடு கணீரென்று பாடிவிட்டு, ஐயர் பெயர் கேட்டால் தன் பெயரைச் சொல்ல முடியாமல் நிற்கும் பிள்ளையை நம்மில் பலர் பார்த்திருப்போம். தன் பெயரே திக்குபவர்களுக்கு மிகக் கடினமான சொல்லாக அமைவது வழக்கம். கேட்டவருக்கு வேறு சொல்லை மாற்றிக் கொடுக்க முடியாதல்லவா? வாசிப்புக் குறை மட்டும் உள்ள பிள்ளையோ சேர்ந்து வாசிக்கும்போது அரை நொடி பின்தங்கி, உங்கள் வாயைப் பார்த்துப் பின்தொடர்வாள். மௌனமாக வாசித்தாலும் கதை பாதிதான் அவளுக்குக் கிடைத்திருக்கும்.

பதிவைக் கேட்கும்போது தடுக்கும் இடம் எது என்று கவனியுங்கள். திக்கலில் மூன்று வகை உண்டு: "க-க-க-கடை" என்று முதல் ஒலியோ அசையோ திரும்ப வருவது, "ம்ம்ம்மாமா" என்று நீள்வது, ஓசையே எழாமல் அடைத்துக்கொள்வது. இவை பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில், நன்கு தெரிந்த எளிய சொல்லிலும் வரும். கண் சிமிட்டுவதும், தொடையைத் தட்டுவதும், தாடை இறுகுவதும் கூடவே வரலாம். வாசிப்புக் குறையில் தடை விழுவது புதிய சொல்லிலும் நீண்ட சொல்லிலும்தான்.

பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி தவறவிடும் அடையாளம் ஒன்று உண்டு. புத்தகத்தில் "ஃபாதர்" என்று இருக்கும்போது பிள்ளை "டாட்" என்று வாசித்தால், அவன் அந்தச் சொல்லை அறிந்து, அதன் முதல் ஒலியைக் கண்டு அஞ்சி, பொருள் கெடாத வேறொரு சொல்லால் தப்பித்திருக்கிறான் என்று எண்ண இடமுண்டு. "ஃப்ரம்" என்று இருக்கும்போது "ஃபார்ம்" என்று வாசித்தால், பொருளைப் பற்றிய நினைவே இல்லாமல் எழுத்துகளின் தோற்றம் அவனை ஏமாற்றியிருக்கிறது. முதற்பிழை திக்கலை மறைக்கும் உத்தி. இரண்டாவது பிழைதான் வாசிப்புக் குறையின் சாயல். இரண்டையும் ஒரே "தவறு" என்று சிவப்பு மையால் எண்ணிக் கூட்டினால் எதுவும் விளங்காது.

தமிழில் வாசிப்பதையும் பதிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளை "கொடி" என்பதைத் திரும்பத் திரும்பக் "கெடி" என்று வாசித்தால், எழுத்தின் முன்னால் நிற்கும் கொம்பை எடுத்துக்கொண்டு பின்னால் நிற்கும் காலை விட்டுவிடுகிறாள் என்று பொருள். எழுத்தின் இரு பக்கத்தையும் ஒன்றாகப் பார்க்கப் பழக்க வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளை தமிழில் ஓரளவு சீராக வாசித்தால் அதுவும் பயனுள்ள செய்தி. தமிழ் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட நேரானது. கல், தங்கம், அகம் என்று ஒரே "க" மூன்று விதமாக ஒலித்தாலும், எங்கே எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒழுங்கு உண்டு.

இவற்றுக்கிடையே காதையும் கண்ணையும் சோதித்துவிடுங்கள். அடிக்கடி காதில் சீழ் வடிந்த பிள்ளையென்றால் கேட்கும் திறன் சோதனை இன்றியமையாதது.

யாரிடம் போவது

தென்னாப்பிரிக்காவில் பேச்சு சிகிச்சையாளராகப் பணிபுரிய வேண்டுமானால், எச்.பி.சி.எஸ்.ஏ. எனப்படும் சுகாதாரத் தொழில்முறையாளர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இது 1974ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டத்தின்படி கட்டாயம். மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரை இட்டு எவரும் சரிபார்க்கலாம். பெயர் இல்லையென்றால், சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் அங்கே பிள்ளையை விடாதீர்கள். சாஸ்லா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பேச்சு, மொழி, கேட்டல் துறைச் சங்கத்தின் வழியாகவும் உங்கள் வட்டாரத்தில் உள்ளவர்களைத் தேடலாம்.

பதிவு இருந்தால் மட்டும் போதாது. விழுங்குதல் சிக்கலிலும் பக்கவாத நோயாளிகளின் பேச்சிலும் மட்டுமே பழக்கமுள்ளவர்களும் இத்துறையில் உண்டு. அவர்களும் தகுதியானவர்களே, ஆனால் உங்களுக்கு வேண்டியவர்கள் அல்லர். முதல் தொலைபேசி அழைப்பிலேயே, இப்போது திக்கும் பிள்ளைகள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள், எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள், சிகிச்சை நடக்கும்போது நான் அறையில் இருக்கலாமா, வாசிப்பைச் சோதிக்கும்போது, சொல்லை ஒலிகளாகப் பிரித்தறியும் ஒலிப்பகுப்புத் திறனைத் தனியாகச் சோதிப்பீர்களா என்று கேளுங்கள். சின்னப் பிள்ளையின் திக்கலுக்குப் பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பயிற்சி தருபவரைவிட, உங்களை உள்ளே அழைத்து வேலை கற்றுக்கொடுப்பவரையே நான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இத்தனை நாளில் திக்கலை அறவே போக்கிவிடுகிறேன் என்று உறுதி கூறுபவரிடமிருந்து விலகிவிடுங்கள். வண்ணக் கண்ணாடி போட்டால் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறை மாறும் என்பதற்கும், திக்கலுக்கு நாக்கின் அடியிலுள்ள சவ்வை வெட்ட வேண்டும் என்பதற்கும் ஆதாரமில்லை.

தேர்வுச் சலுகைக்கான அறிக்கை தேவைப்பட்டால் கல்வி உளவியலாளரையும் பார்க்க வேண்டியிருக்கலாம். பேச்சு சிகிச்சையாளரின் அறிக்கை அதற்குத் துணை நிற்கும்.

பணம் பெருந்தடை என்பதை அறிவேன். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவச் செலவுத் திட்டம் இருந்தால், ஆண்டுக்கு எத்தனை அமர்வுகளுக்கு ஈடு கிடைக்கும் என்பதை முன்னதாகவே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெடிக்கல் எய்ட் இல்லாத குடும்பங்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 1994 முதல் அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லை. அருகிலுள்ள கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, உங்கள் பகுதிக்குரிய அரசு மருத்துவமனையின் பேச்சு, கேட்டல் பிரிவுக்குப் போகலாம். காத்திருக்கும் காலம் நீளமானால், பேச்சு சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிக்கும் பல்கலைக்கழகங்களின் மாணவர் கிளினிக்குகளில் கேட்டுப் பாருங்கள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் அத்துறை உண்டு.

எவ்வளவு காலம் காத்திருக்கலாம்? திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. குழந்தைகளில் ஏறத்தாழ 100க்கு 5 பேர் ஏதேனும் ஒரு காலத்தில் திக்குகிறார்கள். பெரியவர்களில் அது 100க்கு 1 என்ற அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே பலருக்குத் தானாகவே சரியாகும் என்பது உண்மை. ஆயினும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் பெரியவர்கள் எவருக்கேனும் திக்கல் நிலைத்திருந்தாலோ, பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு பேச்சையே நிறுத்தினாலோ, வயதின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

மொழியைக் கைவிடச் சொன்னால்

வீட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்து, பள்ளியில் ஆங்கிலம், அதோடு ஜூலு அல்லது ஆஃப்ரிகான்ஸ் என்று வளரும் பிள்ளை திக்கினால், "தமிழை நிறுத்திவிடுங்கள், ஒரு மொழி போதும்" என்று யாராவது சொல்வார்கள். பல மொழி பேசுவது திக்கலுக்கும் காரணமன்று, டிஸ்லெக்சியாவுக்கும் காரணமன்று. ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் பிள்ளை, சொல்லைத் தேடிச் சற்றே நின்று, "அது வந்து, அது வந்து" என்று முழுச் சொற்றொடரைத் திரும்பச் சொல்வது இயல்பான தயக்கம்; அதைத் திக்கல் என்று எண்ணிவிடும் பிழை பன்மொழிக் குழந்தைகளிடம் எளிதில் நேர்கிறது. ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகளை அளவாகக் கொண்ட சோதனையின் மதிப்பெண்ணை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம் என்று சிகிச்சையாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், தாத்தாவோடு பிள்ளை தமிழில் பேசிய பதிவு அவருக்கு உதவும். முதல் ஒலியில் அடைப்பு விழுவதை எந்த மொழியிலும் பயிற்சி பெற்ற காது கண்டுகொள்ளும். இந்நாட்டின் அரசியலமைப்பே ஆறாம் பிரிவில் தமிழைப் பெயர் சொல்லி, மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளுள் சேர்த்திருக்கிறது. பிள்ளையின் மருத்துவக் கோப்பில் "வீட்டு மொழி: தமிழ், ஆங்கிலம்" என்று எழுதச் சொல்வதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

திக்கலுக்கான பயிற்சி

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு உலகெங்கும் நன்கு ஆராயப்பட்ட முறைகளுள் ஒன்று, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவாகி அங்குள்ள ஒரு புறநகரின் பெயரைத் தாங்கிய லிட்கம் முறை. அதில் சிகிச்சை செய்பவர் தாயோ தந்தையோதான். சிகிச்சையாளர் வாரந்தோறும் அவர்களைச் சந்தித்து வழிநடத்துவார். நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் பிள்ளையோடு விளையாடிப் பேசி, தடையின்றி வந்த பேச்சை, "அழகாகத் தங்காமல் சொன்னாய்" என்று பாராட்டுவதே அதன் உயிர். அன்றன்றைய திக்கலுக்கு 0 முதல் 9 வரை ஒரு மதிப்பெண் இட்டு எழுதிவைக்க வேண்டும். எளிமையாகத் தோன்றினாலும், எப்போது பாராட்டுவது, எவ்வளவு பாராட்டுவது, திக்கலைச் சுட்டலாமா என்பதை நேரில் கற்றுக்கொள்ளாமல் இதைத் தானாகத் தொடங்கக் கூடாது.

பள்ளி வயதில் வேலை மாறுகிறது. சொல்லை மென்மையாகத் தொடங்கவும், உயிரொலியைச் சற்றே நீட்டவும் பயிற்சி தருவார்கள். தாமே திக்கியவரான அமெரிக்க அறிஞர் சார்ல்ஸ் வான் ரைப்பர் வகுத்த வழியில், திக்கல் வரும் நொடியில் இறுக்கிப் போராடாமல் அதிலிருந்து மெல்ல வழுக்கி வெளியேறவும் கற்பிப்பார்கள். சில சமயம் வேண்டுமென்றே திக்கிக் காட்டச் சொல்வார்கள். இதைக் கண்டு பெற்றோர் பதறுவதுண்டு. அச்சம் குறைந்தால் இறுக்கம் குறையும் என்பதே அதன் நோக்கம்.

வீட்டில் செய்யக்கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். "மெதுவாகப் பேசு", "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்" என்று அன்போடு சொன்னாலும், பிள்ளையின் காதில் விழுவது "நீ பேசும் விதம் சரியில்லை" என்பதுதான். பிள்ளையை விரைவுபடுத்தாமல் நீங்களே நிதானமாகப் பேசுங்கள். அவன் தொடங்கிய வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடாதீர்கள். அவன் அடைபட்டு நிற்கும்போது கண்ணை விலக்காதீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் பெரிய குடும்பத்தில், நாளுக்கு ஐந்து நிமிடமாவது ஒருவர் மட்டும் அவனோடு அமர்ந்து, தொலைக்காட்சி இல்லாமல், அவன் விரும்பிய விளையாட்டை விளையாட வேண்டும். நாக்கில் வசம்பைத் தேய்ப்பதும், கூழாங்கல்லை வாயில் அடக்கிப் பேசச் சொல்வதும் பயனற்றவை. கல் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், வசம்பும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும். பயந்ததாலோ, பெற்றோர் அடித்ததாலோ திக்கல் பிறப்பதில்லை. பரம்பரைக்கும் மூளை பேச்சை இயக்கும் விதத்துக்கும் அதில் பங்கு உண்டு. குற்றவுணர்ச்சியோடு என் முன்னால் அழுத தாய்மார்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாசிப்புக்கான பயிற்சி

வாசிப்புக் குறைக்குப் பயிற்சி கண்ணிலிருந்து தொடங்காமல் காதிலிருந்து தொடங்கும். சொல்லை ஒலிகளாக உடைக்கவும் ஒட்டவும் தெரியாத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டிப் பயனில்லை. இதற்குத் தமிழ் மரபிலேயே கருவி இருக்கிறது: மோனையும் எதுகையும். "பந்து, பல், பழம், இவற்றில் ஒன்றாக இருப்பது என்ன?" என்று கேட்பது மோனை, "கல், பல், நெல், இதில் காதுக்கு ஒத்து ஒலிப்பது எது?" என்பது எதுகையை ஒட்டியது. "நெல்லில் 'ந்' என்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன?" என்று கேட்டு, பிள்ளை "எல்" என்று சொல்லும் நாளில் நீங்கள் பெரிய படி ஒன்றைத் தாண்டியிருக்கிறீர்கள். காரில் போகும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் இதை விளையாடலாம்.

அதற்குப் பிறகு, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள இணைப்பை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசையாகக் கற்பிக்க வேண்டும். முதலெழுத்தையும் படத்தையும் பார்த்து ஊகிக்கச் சொல்லும் பழக்கம் வேண்டாம். நாளுக்குப் பத்து நிமிடம் ஆறு நாள் செய்வது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செய்வதைவிட மேல். பிள்ளை வாசிக்கும் பக்கத்தில் இருபது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுமாறினால் புத்தகம் கடினம் என்று கொண்டு எளியதை எடுங்கள். முன்னே சொன்னபடி சேர்ந்து வாசிப்பது இங்கேயும் உதவும். திக்கும் பிள்ளைக்கோ அது அந்நேரத்துக்கு ஆறுதலே தவிர, திக்கலைப் போக்கும் சிகிச்சை ஆகாது.

பள்ளியோடு பேசுதல்

2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வாசிப்பு ஆய்வின்படி, தென்னாப்பிரிக்காவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 100க்கு 81 பேர் பொருள் உணர்ந்து வாசிக்க இயலாதவர்கள். இத்தனை பேர் தடுமாறும் இடத்தில் உங்கள் பிள்ளையின் தனிக்குறை "எல்லாரும் இப்படித்தான்" என்ற சொல்லில் கரைந்துவிடும். அதனால் வாய்ப்பேச்சோடு நிற்காமல் எழுத்தில் கேளுங்கள். கற்றல் தடையுள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து ஆதரவளிப்பதற்கான 2014ஆம் ஆண்டு அரசுக் கொள்கையான எஸ்.ஐ.ஏ.எஸ்.இன்படி, உதவி தேவைப்படும் பிள்ளைக்காக வகுப்பாசிரியர் எஸ்.என்.ஏ.1 என்னும் படிவத்தை நிரப்ப வேண்டும். அது போதாதபோது பள்ளியின் ஆதரவுக் குழு அடுத்த படிவத்தை எடுக்கும். அந்தப் படிவங்களின் பிரதியைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். மெட்ரிக் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வில் கூடுதல் நேரமோ, வினாவை வாசித்துச் சொல்பவரோ, விடையை எழுதுபவரோ வேண்டுமானால், பள்ளி வழியாக நெடுங்காலம் முன்னரே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், இந்தக் கோப்பு அப்போது கைகொடுக்கும்.

திக்கும் பிள்ளையின் ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை எளியவை: வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கும்போது முன்னறிவிப்பின்றி அவனை அழைக்க வேண்டாம், வாய்மொழித் தேர்வை ஆசிரியர் முன் தனியாகவோ, பதிவு செய்தோ கொடுக்க வாய்ப்புத் தாருங்கள், திக்கியதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அவனை வாசிப்பிலிருந்து முற்றிலும் விலக்கிவிடும்படி மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் தோழனோடு இணைந்து வாசிக்க விட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழாசிரியரிடமும் இதையே சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் குறிப்பேட்டை மூடிவிட வேண்டாம். லிட்கம் முறையில்கூடப் பேச்சு சீரான பின் ஓராண்டு போலச் சந்திப்புகளை இடைவெளி விட்டுத் தொடர்கிறார்கள். பள்ளி மாறும்போதும், வீட்டில் துக்கம் நேர்ந்தபோதும், நீண்ட காய்ச்சலுக்குப் பிறகும் திக்கல் தலைகாட்டலாம். அப்படி வந்தால் அன்றைக்கே மதிப்பெண் இடத் தொடங்குங்கள். ஒரு வாரத்து எண்கள் ஏறுமுகமாக இருந்தால், அடுத்த மாதத்துச் சந்திப்புக்குக் காத்திராமல் அந்த எண்களை வைத்துக்கொண்டு சிகிச்சையாளரை அழையுங்கள்.